மண்ணுளிப் பாம்பை அதன் மண்ணிலேயே விடுங்கள்

சித்திரை, வைகாசியில் தார் பாலைவனத்து மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும். ஓரிரு அடி ஆழத்தில் நிலைமை முற்றிலும் வேறு. பகலின் கொதிப்பும் பின்னிரவின் குளிரும் அங்கே இறங்குவதற்குள் வலுவிழந்துவிடுகின்றன. நாள் முழுவதும் வெப்பம் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும் அந்த ஆழத்தில்தான் பாலை எலிகள் வளை தோண்டிக் குடியிருக்கின்றன. எலிகளைத் தேடிப் போய் அதே வளைகளில் தங்கிவிடும் பாம்பு ஒன்று உண்டு. ஈரானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், ராஜஸ்தான் என்று வறண்ட நிலமெங்கும் அது வாழ்கிறது. தக்காணத்து முட்புதர்களின் வழியே தெற்கே எங்கள் புதுக்கோட்டைச் செம்மண் கொல்லைகள் வரைக்கும் பரவியிருக்கிறது. இந்தியில் தோமுஹா என்கிறார்கள். நமக்கு மண்ணுளி, சில ஊர்களில் இருதலை மணியன். அறிவியலில் எரிக்ஸ் ஜோனி.

செய்தித்தாளில் இந்தப் பாம்பின் பெயர் வரும்போதெல்லாம் கடத்தல், கைது, கோடி என்ற சொற்களில் ஒன்றாவது கூடவே வந்துவிடுகிறது. அது என்ன தின்னும், எங்கே தூங்கும், குட்டியை எப்படி ஈனும் என்று ஒரு வரி வருவதில்லை. இது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதை நான் நன்றாகக் கவனித்துப் பார்த்தது சித்தப்பாவின் கடலைக் கொல்லையில். கடலை பறித்து முடித்தபின் வரப்போரம் கிடந்த காய்ந்த செடிக் குவியலைப் புரட்டியபோது அடியில் கிடந்தது. வேலைக்கு வந்திருந்த பையன் கம்பை ஓங்கிவிட்டான். “அடிக்காதே தம்பி, அது மண்ணுளி. யாரையும் ஒன்றும் செய்யாது” என்று சித்தப்பா தடுத்தார். மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டரை அடி நீளம் இருக்கும். உடம்பு முழுக்க ஒரே பருமன். கழுத்து என்று தனியாக ஓர் இடமே இல்லை. செங்கல் நிறம். செதில்கள் சிறியவை, வழவழப்பானவை. வெயில் பட்ட இடத்தில் மினுங்கின. வால், மற்றப் பாம்புகளுக்கு இருப்பதுபோல் கூர்மையாகக் குறுகவில்லை. தேய்ந்த உலக்கை முனையாக மழுங்கி, தலையின் அளவுக்கே தடித்திருந்தது. அதன் மேற்புறத்தில் இரண்டு இடங்களில் செதில்களின் ஒழுங்கு கலைந்து வெளுத்த தழும்பு தெரிந்தது.

ஆள் நடமாட்டத்தை உணர்ந்த பிறகும் அது ஓடப் பார்க்கவில்லை. உடம்பைச் சுருட்டித் தலையைச் சுருளுக்கு அடியில் செருகிக்கொண்டது. பிறகு வாலைச் சற்றே உயர்த்தி மெதுவாக அசைத்தது. இதுதான் தலை என்று தெரிந்துகொண்டே பார்த்தாலும் கண் வாலுக்குத்தான் போகிறது. கீரியோ பருந்தோ பாய்ந்தால் முதல் அடி வாலில் விழும். மண்டை தப்பிவிடும். நான் பார்த்த தழும்புகள் அப்படிப் பட்ட அடியாக இருக்கலாம்; வளைக்குள் குஞ்சுகளைக் காக்க நின்ற தாய் எலி கடித்ததாகவும் இருக்கலாம்.

ஆறு மாதம் ஒரு தலை, அடுத்த ஆறு மாதம் மறு தலை என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு தலையும் இல்லை, முறை வைத்து மாறுவதும் இல்லை. ஆனால் இந்த நம்பிக்கையை வைத்துப் பிழைத்த பாம்பாட்டிகளில் சிலர் வாலில் சூடிட்டும் கீறியும் கண்ணும் வாயும் வரைந்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் பாம்பின் சதையில் செய்த வேலை அது. அந்தப் புண்ணோடு பாம்பு மண்ணுக்குள் போய் வாழ முடியுமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

உண்மையான தலையை அது வெளியே எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மண்ணுக்குள் வாழத் தேவையான அத்தனையும் அந்தச் சிறிய தலையில் இருக்கிறது. மூக்கு ஆப்பு வடிவம். அதன் முனையில் அகலமான கெட்டிச் செதில். கீழ்த்தாடை மேல்தாடைக்குள் அடங்கி உள்வாங்கியிருக்கிறது, ஆகவே மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும்போது வாய்க்குள் மணல் புகாது. மூக்குத் துளைகள் வெறும் கீறல்கள். கண் மிகச் சிறியது, பாவை நெட்டுக்குத்தானது. எந்தப் பாம்புக்கும் இமை கிடையாது. அதற்குப் பதிலாகக் கண்ணின்மேல் ஒளி ஊடுருவும் செதில் ஒன்று நிரந்தரமாக மூடியிருக்கும். தோல் உரியும்போது அதுவும் சேர்ந்து உரிந்து புதிதாகிவிடும். மணலில் உரசி உரசி வாழும் உயிருக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

வயிற்றுப் பக்கமும் கவனிக்க வேண்டியது. சாரைக்கும் நாகத்துக்கும் வயிற்றுச் செதில்கள் அகலப் பட்டைகளாகக் குறுக்கே ஓடும். மண்ணுளிக்கு அவை குறுகலானவை. திறந்த தரையில் அதனால் விரைந்து ஓட முடியாது. எளிதாகப் பிடிபட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கழிவுத் துளையின் இருபுறமும் நகம் அளவில் ஒரு சிறு முள் உண்டு. ஆணுக்கு நன்றாகத் தெரியும். மலைப்பாம்புக்கும் அது இருக்கிறது. பாம்பின் முன்னோர்களுக்குக் கால்கள் இருந்தன என்பதற்கு உடம்பிலேயே மிஞ்சியிருக்கும் அடையாளம்.

மண்ணுளிக்கு நஞ்சு இல்லை, நச்சுப் பல்லும் இல்லை. இரையைக் கவ்விய கணமே உடம்பால் சுற்றி இறுக்கும். வளைக்குள் சுற்றுவதற்கு இடம் போதாவிட்டால் இரையை வளைச் சுவரோடு வைத்து அழுத்தியும் கொல்லும். சுற்றிக் கொல்லும் பாம்புகள் மூச்சை அடைத்துத்தான் கொல்கின்றன என்று பள்ளியில் படித்தோம். 2015இல் அமெரிக்காவில் ஸ்காட் போபாக் என்ற ஆய்வாளரின் குழு, மலைப்பாம்பைப் போல இரையைச் சுற்றிக் கொல்லும் போவா பாம்பு எலியை இறுக்கும்போது எலியின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று கருவி பொருத்தி அளந்தது. சில விநாடிகளிலேயே இரத்த அழுத்தம் சரிந்து இரத்த ஓட்டம் நின்றுபோகிறது என்று கண்டார்கள். மூச்சு முட்டும் வரை இரை உயிரோடு இருப்பதில்லை. அந்த ஆய்வு மண்ணுளியை வைத்துச் செய்ததன்று; ஆனால் மண்ணுளியும் போவா வகையின் பங்காளிதான், கொல்லும் முறையும் அதேதான்.

இரை பெரும்பாலும் எலி. கொல்லைகளில் வெள்ளெலி, வயல் எலி, சுண்டெலி. சில நேரம் பல்லியும் ஓணானும். அந்தி சாய்ந்தபின்தான் நடமாட்டம். எலியின் வளைக்குள்ளேயே நுழைந்து போகக்கூடிய பருமன் என்பதால் ஆந்தையாலும் கழுகாலும் எட்ட முடியாத இடத்துக்கு இதனால் போக முடிகிறது. கடலை, கம்பு, சோளம் விதைக்கிற மானாவாரி விவசாயிக்கு எலி எவ்வளவு பெரிய தொல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணுளி முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். ஏறத்தாழ நான்கு மாதம் வயிற்றில் சுமந்து, ஒரு தடவைக்குப் பெரும்பாலும் பத்துக்கும் குறைவான குட்டிகளை ஈனுகிறது. குட்டிகள் ஓர் அடிக்கும் குறைவு. வாலிலும் பின்னுடலிலும் கருவளையங்கள் இருக்கும், வளர வளர அவை மங்கிவிடும். வளையம் உள்ள குட்டியைக் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். கட்டுவிரியனின் வளையங்கள் வெள்ளை, மெல்லியவை, வால் கூர்ந்திருக்கும். மழுங்கிய வாலைப் பார்த்தாலே போதும்.

இங்கே ஓர் உறவுக்காரப் பாம்பைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அரேபியப் பாலையில் எரிக்ஸ் ஜெயகரி என்று ஒரு மணல் போவா இருக்கிறது. மஸ்கட்டில் நெடுங்காலம் மருத்துவராகப் பணியாற்றிய ஆத்மாராம் ஜெயகர் என்ற இந்தியரின் பெயரை 1888இல் பூலாஞ்சே என்ற விலங்கியலாளர் அதற்குச் சூட்டினார். அதன் கண்கள் தலையின் உச்சியில் இருக்கின்றன. உடம்பு முழுவதையும் மணலில் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே விட்டுக் காத்திருக்கும். மணல் போவாக்களில் பெரும்பாலானவை குட்டி ஈனும்போது இது முட்டையிடுகிறது. 2010இல் லிஞ்ச், வாக்னர் என்ற இருவர் வம்சாவளியை ஆராய்ந்து, இதன் முன்னோர்கள் குட்டி ஈனியவை என்றும், இழந்துவிட்ட முட்டையிடும் வழக்கத்துக்கு இந்த இனம் திரும்பியிருக்கிறது என்றும் வாதிட்டார்கள். இழந்த சிக்கலான பண்பைப் பரிணாமம் மீட்டெடுப்பதில்லை என்னும் டோலோ விதிக்கு இது நேர் எதிரானது. முட்டை ஓட்டைக் கிழிக்க மற்றப் பாம்புக் குஞ்சுகளுக்கு இருக்கும் முட்டைப் பல் இந்தக் குஞ்சுகளுக்கு இல்லை என்பதை அவர்கள் ஒரு சான்றாகக் காட்டினார்கள். நம் கொல்லையில் கிடக்கும் மண்ணுளியின் குடும்பத்துக்குள் உயிரியலின் இவ்வளவு பெரிய கேள்வி கிடக்கிறது. அதன் விலை என்ன என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

மண்ணுளியின் பெயரில் இருக்கும் ஜோன் என்பவர் யார் என்று தேடிப் போனால் தரங்கம்பாடிக்கு வந்து சேர்கிறோம். கிறிஸ்டோப் சாமுவேல் ஜோன் 1771இல் அங்கே டேனிஷ் மிஷனுக்கு வந்த பாதிரியார், 1813இல் இறந்தார். மீன், சிப்பி, பாம்பு என்று கடற்கரையில் கிடைத்தவற்றையெல்லாம் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நாம் குழம்பு வைக்கும் கத்தாழை மீன்களில் பலவற்றுக்கு ஜோனியஸ் என்ற பேரினப் பெயர் இவரால் வந்ததுதான். சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளை ஆராய்ந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1801இல் மண்ணுளியை விவரித்தபோது தரங்கம்பாடியிலிருந்து வந்த பாம்புக்கு ஜோனின் பெயரையே வைத்தார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் அதே ரஸ்ஸல்தான். ஆக, தார் மணலிலும் ஈரானிலும் வாழும் பாம்பு உலகத்துக்கு அறிமுகமானது நம் காவிரிக் கழிமுகத்து ஊரிலிருந்து.

சின்ன வயதில் எங்களுக்குச் சொன்னது, மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்று. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது, மருந்தால் முழுமையாகக் குணமாவது; வெண்குஷ்டம் என்று ஊரில் சொல்லும் வெண்புள்ளி தொற்றவே தொற்றாது. பாம்பின் நாக்குக்கும் இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நாக்கை நீட்டி அது காற்றிலும் தரையிலும் உள்ள மணத்தைத்தான் சேகரிக்கிறது. ஆனாலும் அந்தப் பொய் மண்ணுளியைக் காப்பாற்றிவந்தது. தொட்டால் நோய் என்று அஞ்சியவர்கள் தொடாமல் விட்டார்கள். இருந்த இடத்தில் அது இருந்தது.

பின்னால் வந்த பொய் அப்படிப்பட்டதன்று. இதன் உடம்பில் இரிடியம் இருக்கிறது, புற்றுநோய்க்கும் எய்ட்ஸுக்கும் மருந்தாகிறது, ஆண்மையைக் கூட்டும், வீட்டில் வைத்தால் பணம் கொட்டும், புதையல் காட்டும் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கதைகள். இரிடியம் பிளாட்டினத்தோடு சேர்ந்த ஓர் உலோகம். அது சுரங்கத்தில் கிடைக்கும், பாம்பின் வயிற்றில் விளையாது. மருந்துக் கதைகளில் எதற்கும் ஆதாரம் கிடையாது.

வியாபாரம் எடையை வைத்துத்தான். வளர்ந்த மண்ணுளி ஒரு கிலோவை ஒட்டி இருந்தாலே பெரிது. தரகர்கள் கேட்பதோ இரண்டு கிலோ, மூன்று கிலோ, அதற்கும் மேல். இல்லாத எடையை உண்டாக்கப் பாம்பின் வாய்க்குள் இரும்புக் குண்டுகளைத் திணித்த சம்பவங்களும் பாதரசம் செலுத்திய சம்பவங்களும் செய்திகளில் வந்திருக்கின்றன. பெண் மண்ணுளிதான் உருவத்தில் பெரியது. எடைக்கு ஆசைப்படும்போது முதலில் போவது அதுதான். அதோடு அது சுமந்திருக்கும் குட்டிகளும் போகின்றன. ஒருவர் பிடிப்பார், இன்னொருவர் பார்ட்டி இருக்கிறது என்பார், மூன்றாமவர் அட்வான்ஸ் கேட்பார். பாம்பு சாக்குப் பையிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் கை மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் கோடி கொடுத்து வாங்குகிற அந்தப் பார்ட்டி எந்த வழக்கிலும் தென்படுவதில்லை. எனக்குத் தெரிந்தவரை அப்படி ஒருவர் இல்லவே இல்லை. ஒருவர் பணத்தை அடுத்தவர் சுருட்டும் மோசடியில் பாம்பு வெறும் தூண்டில் புழு. என் சொந்தத்திலேயே ஒருவர் இப்படி அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்து, வெளியே சொல்லவும் முடியாமல் இருக்கிறார்.

2016 முதல் 2021 வரை நாடெங்கும் மண்ணுளி பறிமுதல் செய்யப்பட்ட 172 சம்பவங்களை வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் சொசைட்டியின் இந்தியப் பிரிவு தொகுத்திருக்கிறது. பிடிபட்டவை மட்டும் இவ்வளவு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் சிறைக்குரிய குற்றம். சர்வதேச அளவில், வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எந்த இனம் எவ்வளவு அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஐயுசிஎன் செம்பட்டியலில் இது அச்சுறுத்தலை நெருங்கும் இனம்.

மீட்ட பாம்புக்கு என்ன ஆகிறது என்பதுதான் என்னை அதிகம் வருத்துவது. அது எந்தக் கொல்லையில் பிடிபட்டது என்று கைதானவர்கள் உண்மையைச் சொல்வதில்லை. ஆகவே அருகிலுள்ள காப்புக்காட்டில் விட்டுவிட்டார்கள் என்று செய்தி முடியும். பாம்பு என்றால் காட்டில் இருக்க வேண்டியது என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் உள்ளது. மண்ணுளி அடர்ந்த காட்டுப் பாம்பு அன்று. அதற்குத் தேவை உதிரியான மண், எலி வளை, திறந்த வெயில், ஆங்காங்கே முட்புதர். தெரியாத நிலத்தில் எந்த வளை எங்கே இருக்கிறது, இரை எந்தப் பக்கம் என்று அறியாத பாம்பு திறந்த தரையில் தேடி அலைய வேண்டும். வேகமாக ஓடத் தெரியாத உயிருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள். விட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் விடுகிறார்கள். இருந்தாலும் செம்மண் தரிசு, மணற்பாங்கான கொல்லை, ஊரை ஒட்டிய புதர் என்று பார்த்து விட்டால் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

அந்த நிலமும் சுருங்கிக்கொண்டே வருகிறது. புல்லும் காரையும் சூரையுமாகக் கிடந்த செம்மண் மேடுகளைப் பயனற்ற தரிசு என்று கணக்கில் எழுதிவிட்டோம். புதுக்கோட்டைப் பக்கம் அவற்றில் எத்தனையோ ஏக்கர் தைலமரக் காடாகிவிட்டன. மிச்சத்தில் வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. ராஜஸ்தானில் பாலை என்றாலே காலி இடம் என்று நினைத்துத்தான் திட்டங்கள் வருகின்றன. கால்வாய்ப் பாசனம் எட்டிய தார் பகுதிகள் பழைய தார் அல்ல. மரம் இல்லாத நிலத்துக்கும் உயிர்கள் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள நமக்கு ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது? வறண்ட நிலத்தில் வாழ்வதற்கென்றே உடம்பின் ஒவ்வொரு செதிலும் அமைந்த பாம்புக்கு அங்கே பத்து மரம் நட்டுக் கொடுப்பது உதவி ஆகாது.

மண்ணுளியையும் அதன் உறவான முரட்டுச் செதில் மணல் போவாவையும் பிரித்தறிவதும் தேவை. இலங்கையின் வடபகுதியில் இருப்பது இந்த இரண்டாவது வகைதான். உடம்பில் கரும்பழுப்புத் திட்டுகள், சொரசொரப்பான செதில், குட்டையான வால். நஞ்சில்லாத இதைக் கண்ணாடி விரியன் என்று நினைத்து அடிப்பது ஒரு பக்கம். கண்ணாடி விரியனை இதுவென்று நினைத்துக் கையில் எடுப்பது மறுபக்கம். இரண்டாவது தவறு உயிரை வாங்கும். ஆகவே திட்டுத் திட்டாக இருக்கும் எந்தப் பாம்பையும், அடையாளம் தெரிந்தவர் உடன் இல்லாமல் தொட வேண்டாம்.

கொல்லையில் மண்ணுளியைப் பார்த்தால் வேலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அதன் போக்கில் விட்டுவிடுங்கள். இருட்டியதும் தானாகப் போய்விடும். ஏர் ஓட்டவோ டிராக்டர் விடவோ வேண்டியிருந்தால், அது மண்ணுளிதான் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு வாளியில் தள்ளி எடுத்துப் போய் அதே கொல்லையின் மறு வரப்பில் விடுங்கள், அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம். வரப்பில் எலிக்கு விஷம் வைத்தால், விஷம் தின்ற எலியை இதுவும் தின்னும். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லலாம். எடுத்துப் போகிறவர்களிடம் எங்கே பிடித்தது என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். யாராவது எடை கேட்டு வந்தால் வனச்சரக அலுவலகத்தில் தகவல் கொடுங்கள். வீடியோ எடுத்தே தீர வேண்டும் என்றால் ஊர்ப் பெயரையும் கொல்லை இருக்கும் இடத்தையும் போடாதீர்கள். தரகர்கள் முதலில் தேடிப் பார்ப்பது அந்த வீடியோக்களைத்தான்.